நீர்மட்டம்

அந்தச் சக்கரத்தைத் திருப்பியது நான்தான்.
இரவு ஒன்றரை மணி. மஸ்கெலியாவில் மழை.
தகரத்தில் அது விழுந்த சத்தத்தில்
டிவியைக் குறைக்கவும் தேவைப்படவில்லை.
அக்கா ஃபெக்டரியில், இரவு வேலை.
அவளுடைய விளையாட்டு. அவளுடைய அறுபத்தொரு மணித்தியாலம்.
ஒரேயொரு கதவைத் திறந்து பார்ப்போமே என்றுதான் உட்கார்ந்தேன்.

ஏரிக்கு அடியில் ஒரு கோட்டை.
சக்கரத்தை இடப்பக்கம் சுற்றினால் தண்ணீர் இறங்கும்,
வலப்பக்கம் சுற்றினால் ஏறும்.
கீழறையில் ஒரு பேழை, அதற்குள் பித்தளைச் சாவி.
நான் எடுக்கவில்லை. பேழையைக் கண்டதாகவே ஞாபகமில்லை.
வலப்பக்கம் சுற்றினேன்.
மேலே ஏறி வந்தேன். பின்னால் பாலம் உடைந்து விழுந்தது,
அழகாக, இசையோடு.
சேமிக்கவா என்று கேட்டது.
ஆம் என்றேன்.

மெமரி கார்டில் பதினைந்து கட்டம்.
பதினாலில், மெஷினை எங்களுக்கு விற்ற
கட்டார்க்கார ஜெயசீலனின் கால்பந்து.
ஒன்றை அழித்திருந்தால் இன்னொரு பிரதி இருந்திருக்கும்.
'அடுத்தவன் அடிச்ச கோல், அழிக்கக் கூடாது'
என்றிருந்தாள் புனிதா.

மறுநாள் அவள் வடக்குக் கதவுக்குப் போனாள்.
திரும்பினாள். பாலமில்லாத விளிம்புவரை போனாள்.
மறுபடி கதவு.
நான் வழக்கமில்லாத வழக்கமாக
ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தேன்.

தோற்றுப்போனால் சிவப்பில் எழுதிக் காட்டும்.
இதில் தோற்கவும் இல்லை.
நாலெழுத்துக்கு மட்டும் இடம் இருந்ததால்
புனி என்று அவள் பெயர் வைத்த அந்தப் பையன்
முழு உயிரோடு, முழுக் கவசத்தோடு நிற்கிறான்.
சந்தைக்காரி மருந்து விற்கிறாள்.
காவல்காரன் ஒவ்வொரு முறையும் புதுச்செய்திபோல
'வடக்குக் கதவு உனக்காகக் காத்திருக்கிறது' என்கிறான்.
காணிப் பத்திரம் கேட்டுப் போகும்போதெல்லாம்
கந்தோரில் ஒருவர் இதே முகத்தோடு
அடுத்த மாசம் வரச் சொல்வார்.

சுவரோடு சுவராக இருநூறு தடவை ஓடினால்
உள்ளே விழலாம் என்று யாரோ சொன்னார்கள்.
அவள் வேலைக்குப் போன இரவுகளில் ஓடினேன்.
பெருவிரல் தோல் உரிந்தது.
சுவர் சுவராகவே இருந்தது.

அவளோ தவளைகளை அடித்தாள்.
கரையோரத் தவளைகள், ஒன்றுக்கு மூன்று புள்ளி,
அடித்து முடித்தால் திரும்ப வரும்.
பங்குனியில் எண்பத்தெட்டாம் நிலை.
நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த வருசம் வெயில் விடவில்லை.
மவுசாக்கலை வற்றி வற்றி, மூழ்கிக் கிடந்த பழைய கோயில்
சேற்றுக்கு மேலே எழுந்தது.
ஐஸ்கிரீம் வண்டிகூட வந்தது.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
வெடித்த மண்ணில் நடந்தோம், அவள் முன்னால், நான் பின்னால்.

திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:
'நான் வச்சது அறுபத்தொண்ணு பன்னிரண்டு.
மறுநாள் பார்த்தா அறுபத்திரண்டு நாப்பது.
நேரத்தை அதுவே எழுதி வைக்குமேடா.'

எனக்குக் கால் புதைந்தது.
'பிறகு ஏன் இன்னும் விளையாடுற?'

'தொண்ணூத்தொம்பதுவரைக்கும் போகும்ல' என்றாள்.
அதற்குப் பிறகு என்னவென்று நான் கேட்கவில்லை.

வாசல் நிலை பாதி மண்ணில் இருந்தது.
குனிந்து உள்ளே போனாள், ஒரு மாடத்தில் கைவிட்டுத் துழாவினாள்,
சோடா மூடி ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்து
ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்:
'சாவி இங்கயும் இல்ல!'

வைகாசியில் மழை.
அணையில் யார் எதைத் திருப்பினார்களோ, தண்ணீர் ஏறியது.
இப்போதெல்லாம் அவள் மெஷினை அணைக்காமலே வேலைக்குப் போகிறாள்.
தவளைகளுக்குப் பக்கத்தில் புனி
தோள் ஏறி இறங்க மூச்சு வாங்கியபடி நிற்கிறான்.
நான் தொடுவதில்லை.
நடுராத்திரியில் ஒருதரம் எழும்பி
டிவியை மட்டும் நிறுத்துவேன்.
கரண்ட் பில் என் பெயரில்தான் வருகிறது.